புலித்தோலின் உள்பக்கம்

எங்கள் நாட்டில் புலி கிடையாது. சிறுத்தை உண்டு, கரடி உண்டு, யானை தாராளமாக உண்டு. கோடு போட்ட புலி மட்டும் அந்தத் தீவுக்கு வந்து சேரவேயில்லை. கொடியிலும் சுவரொட்டியிலும் பார்த்த புலியோடுதான் நான் வளர்ந்தேன். நிஜப் புலியை முதன்முதலாகத் தொட்டது ரொறன்ரோவில், ஒரு ஃபர் கடையின் பின்னறையில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதத்தில். அப்போது அது செத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் அந்தக் கடையில் தையல்காரி. மோர்னிங்சைட்டில் பஸ் ஏறி, சப்வே மாறி, மறுபடி பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். முதலாளி ஒரு கிரேக்கக் கிழவர். வெயில் காலம் தொடங்கியதும் வசதியான பெண்கள் தங்கள் ரோமக் கோட்டுகளைக் கொண்டுவந்து எங்கள் குளிர் அறையில் விட்டுப் போவார்கள். வீட்டில் வைத்தால் பூச்சி அரிக்கும், தோல் காய்ந்து வெடிக்கும். குளிர் வந்ததும் எடுத்துப் போவார்கள். இடையில் கிழிந்தது, பிரிந்தது எல்லாம் என் கைக்கு வரும். மிருகத் தோலைப் போடுவது பாவம் என்று சிலர் வாசலில் அட்டை பிடிக்கிற காலம் அது. வியாபாரம் படுத்துக்கொண்டிருந்தது. அதனால் எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் கிழவர் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பெரிய சுருளைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும். பின்னால் அவருடைய அம்மா. அறுபதைத் தொட்டவர், வெளிர் நிறப் பட்டுச் சேலை, அதன் மேல் குளிருக்குப் போடும் தடித்த ஜாக்கெட், காலில் ஓட்டப் பந்தயச் சப்பாத்து. மகன் மிசிசாகாவில் ஏதோ ஒரு கம்பனியில் என்ஜினியர். விட்பியில் புது வீடு வாங்கியிருந்தார். ஜூலையில் குடிபுகும்போது வரவேற்பறையில் விரிக்க வேண்டும், அதற்குள் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டுக்கொண்டே சுருளை அவிழ்த்தார்.

அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. முதலில் வால் வந்தது, பிறகு பின்னங்கால்கள், பிறகு முதுகு. நாங்கள் கோட்டு வெட்டும் மேசைகளில் இரண்டைச் சேர்த்துப் போட்டோம், போதவில்லை. மூன்றாவதை இழுத்து வந்தோம். கடைசியில் வாய் பிளந்த தலை மேசையில் 'தொம்' என்று விழுந்தது. கண்ணாடிக் கண்கள் என்னை நேராகப் பார்த்தன. செத்த மிருகங்களோடு நாலு வருடமாகச் சாப்பிட்டு உட்கார்ந்து எழும்புகிறவள் நான். அன்றைக்கு என் கை தானாகவே வாயைப் பொத்திக்கொண்டது. பயமில்லை. கோயிலில் திரை விலகும்போது நெஞ்சுக்குள் ஒன்று நின்று போகுமே, அதுதான்.

"எங்க தாத்தா சுட்டது. ஒரே குண்டு," என்றார் மகன். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு ஜமீன் அவர்களுடையது. சர்க்கார் காகிதத்தில் ஜமீன்தார் என்றாலும், அந்தப் பக்கத்து மக்கள் ராஜா என்றுதான் சொல்வார்களாம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விருந்தாளியாக வந்தபோது நடந்த வேட்டை. நூறு பேர் தப்பட்டை அடித்துக் காட்டைக் கலைத்தார்கள், தாத்தா பரண் மேலே இருந்தார், புலி வந்தது, ஒரே குண்டு. மகன் இதைச் சொன்ன விதத்தில், பல வீடுகளில் பல சோபாக்களில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட கதை என்று தெரிந்தது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். ராஜா வீட்டுக் கதை என்றால் இன்னும் சீக்கிரம் வரும். நூறு பேர் கலைத்து, ஒருவர் உயரத்தில் இருந்து சுட்டால் அதில் என்ன வீரம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்த மிருகத்தின் முன்னால் நின்று சண்டை பிடிக்கவும் மனம் வரவில்லை.

மகன் முதலாளியோடு பத்திரங்களைப் பற்றிப் பேசப் போனார். புலித்தோல் என்றால் எப்போது, எப்படி நாட்டுக்குள் வந்தது என்று காகிதம் பார்க்காமல் கிழவர் தொடமாட்டார். அந்த இடைவெளியில் அம்மா என் பக்கத்தில் வந்தார். கைப்பையில் இருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துத் தந்தார். தலையின் அமைப்பைச் சரிசெய்ய உதவும் என்றார். நடுவில் புலி கிடந்தது. அதன் தலை மேல் ஒரு காலை வைத்தபடி, மீசை முறுக்கிய ராஜா. பக்கத்தில் தொப்பியோடு துரை. பின்னால் தலைப்பாகை கட்டிய ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் இடது பக்கமாக, படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, இதோட அடித்துணியைப் பிரிப்பீங்கதானே?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம் அன்ரி. பிரிச்சாத்தான் பூச்சி அரிச்ச இடம் தெரியும்."

"பிரிச்சதும் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லணும். எத்தனை ஓட்டைன்னு."

மகன் திரும்பி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். நான் அதை மறக்கவில்லை.

"அன்னைக்கு நானும் பரண் மேல இருந்தேன். எனக்கு ஆறு வயசு. அப்பாவுக்கு நான்னா உயிர், எங்க போனாலும் கூட்டிட்டுப் போவார். வாயைத் திறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் ஏத்தினாங்க. தப்பட்டை சத்தம் கிட்ட வந்துச்சு. நாணல் விலகுச்சு. அது வந்து நின்னுச்சு. அவ்வளவு அழகா ஒண்ணை அதுக்கு முன்னாடியும் நான் பார்க்கலை, அப்புறமும் பார்க்கலை. என்னையறியாம 'அப்பா'ன்னு சொல்லிட்டேன். சத்தமாக்கூட இல்லை. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச்சு. அப்பா சுட்டார். அது ஒரே தாவுல நாணலுக்குள்ள திரும்பிப் போயிடுச்சு."

அதற்குப் பிறகு கலைப்பு ஆட்களில் ஒருவரை அந்தப் புலி நாணலுக்குள் அடித்துக் கொன்றது. சிறுமியாக இருந்த அவருடைய காதைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் மிச்சம் எதுவும் தெரியாது. அப்பா ஒரே குண்டு என்று எழுதி வைத்தார். அவருடைய அம்மா வேறு விதமாகச் சொன்னாள். நீ கத்தியதால் அப்பாவின் கை ஆடிவிட்டது, முதல் குண்டு பின்பக்கத்தில் பட்டது, காயம்பட்ட வெறியில்தான் அது அந்த ஆளை அடித்தது, பிறகு இரண்டாவது குண்டு போட்டு முடித்தார்கள், உன் வாயால் ஒரு உயிர் போயிற்று. கோபம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லுவாளாம். கல்யாணமாகிப் போகும் நாள் வரைக்கும் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. இது என்கூடவே இருக்கு. நாப்பது வருஷமா பிரிச்சுப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு ஓட்டைன்னா அப்பா சொன்னது உண்மை. ரெண்டுன்னா அம்மா சொன்னது உண்மை. எதுவா இருந்தாலும் எனக்குச் சொல்லும்மா. பையனுக்கு வேண்டாம்."

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சோற்றுக் கோப்பையோடு சிரித்தார். "புலியைத் தைக்கிறாய் எண்டதை என்னோடை சொன்னதோடை விடு. போனிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," என்றார். பிறகு அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆறு வயசுப் பிள்ளைக்கு உப்பிடியும் சொல்லுவினமே," என்றார்.

திங்கட்கிழமை முதலாளி ஏலத்துக்குப் போயிருந்தார். போகும்போதே எச்சரித்துவிட்டுத்தான் போனார். அந்தக் காலத்துத் தோலுக்குப் பூச்சி வராமல் பாஷாணம் பூசியிருப்பார்கள், முகத்துக்கு மூடியும் கைக்கு உறையும் இல்லாமல் கிட்டப் போகாதே என்றார். நான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டிய பச்சைக் கம்பளித் துணியை அங்குலம் அங்குலமாகப் பிரித்தேன். அதன் கீழே கன்வஸ். அதையும் பிரித்துத் தோலைக் கவிழ்த்துப் போட்டேன்.

உள்பக்கம் வெளிறிய சாம்பல் நிறம். அதிலும் கோடுகள் தெரிந்தன. மங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடப்பது மாதிரி, அதே கோடுகள், அதே வரிசையில். மிங்க், நரி, முயல் எல்லாம் உள்பக்கம் திருப்பினால் வெறும் தோல்தான். எது எந்த மிருகம் என்று எனக்கே தடுமாறும். இது உள்ளேயும் புலியாகவே இருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரித்த கையை அதன் முன்பாதத்தின் மேல் வைத்தேன். சுற்றிவர மிச்சம் இருந்தது. இவ்வளவு பெரியது ஒன்று சத்தம் இல்லாமல் நடந்து வந்து நின்றதென்றால், ஆறு வயதுப் பிள்ளை அப்பா என்று கூப்பிடாமல் வேறென்ன செய்யும். எனக்கு முப்பத்திநாலு வயது, நானும் கூப்பிட்டிருப்பேன்.

பிறகுதான் ஓட்டையைத் தேடினேன். இடது தோளுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. இலை வடிவில் வெட்டி, மெழுகு நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். துளையை வட்டமாக விட்டு இழுத்துத் தைத்தால் தோல் சுருங்கும், அதனால் இரண்டு முனையும் கூராக வெட்டித்தான் தைப்பது. நாங்களும் அப்படித்தான் செய்வோம். மனதுக்குள் ஒன்று என்று எண்ணினேன். கை கீழே போனது. வலது பின்தொடையில் இன்னொன்று. வட்டமாக, நடுவில் குழிந்து, சுற்றிவரச் சுருங்கியிருந்தது. இரண்டு.

அன்ரியின் அம்மா சொன்னதே சரியாகப் போயிற்று. மதியம் தொலைபேசி அடித்தது. அன்ரிதான்.

"பிரிச்சாச்சாம்மா?"

"ஓம்."

"எத்தனை?"

நான் மேசையைப் பார்த்தேன். செத்துப் போன தாய் ஒருத்தியின் வாயை அடைக்க ஒரு பொய் சொன்னால் எந்த நரகத்துக்குப் போவேன் என்று நினைத்தேன். "ஒண்டுதான் அன்ரி," என்றேன்.

"நீ யோசிச்சுட்டுச் சொன்னே," என்றார். "நாளைக்கு நான் நேர்ல வந்து பார்க்கறேன்."

நான் பேச வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தோலின் உள்பக்கத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுவதில்லை. சமையல்கட்டைச் சாப்பிட வந்தவருக்குக் காட்டாத மாதிரி. எத்தனை துண்டு சேர்த்துத் தைத்தது, எங்கே ஒட்டுப் போட்டது என்று தெரிந்தால் கோட்டு போடுகிறவருக்கு மனம் விட்டுப் போகும். அந்த வழக்கத்தைச் சொல்லித் தடுத்துவிடலாம் என்று நம்பினேன்.

மறுநாள் காலை முதலாளி கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கி, குனிந்து, பின்தொடையில் இருந்த வட்டத்தை உறை போட்ட விரலால் தடவினார். திருப்பி மயிர்ப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

"நாலு வருஷம் என்னோடு வேலை செய்கிறாய். ஆறின காயத்துக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார். "இது வேட்டை அன்று வந்ததே இல்லை. பல வருஷத்துக்கு முந்தியது. யாரோ சுட்டுத் தவறவிட்டிருக்கிறார்கள். அது தப்பிப் போய், நக்கி நக்கி ஆற்றி, அதற்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறது."

அப்படியானால் நான் சொன்ன பொய் உண்மை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். முகத்தில் ஈயாடவில்லை. பொய் என்று நினைத்துச் சொன்னதை இப்போது உண்மை என்று எப்படி நிரூபிப்பது?

பதினொரு மணிக்கு அன்ரி வந்தார், தனியாக. மிசிசாகாவில் இருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்து வந்திருந்தார். வழக்கம், கிழக்கம் என்று எதையும் கேட்கிற முகமாக அது இல்லை. முதலாளியே திரையை விலக்கிப் பின்னறைக்குள் விட்டார். மேசையில் தோல் கவிழ்ந்து கிடந்தது. அன்ரி நடந்து வந்து பார்த்தார். தோளுக்குப் பின்னால் பார்த்தார், தொடையில் பார்த்தார். எண்ணுவதற்கு அவருக்கும் தெரியும்.

"ரெண்டு," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "பரவாயில்லம்மா. நீ நல்ல மனசோடதான் சொன்னே."

"இல்லை அன்ரி, கேளுங்கோ. நேற்று நான் பொய்யெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். ஆனா அது பொய்யில்லை."

நானே என்ன சொல்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு எப்படி விளங்கும்? முதலாளி ஆங்கிலத்தில் விளக்கினார். அன்ரி மரியாதைக்குத் தலையாட்டினார். ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறவரின் ஆட்டம் அது. நான் பொறுமை இழந்தேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.

என் இடது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. ஷெல் அடித்தபோது பறந்து வந்த துண்டு கீறிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் தையல் போட நூல் இல்லாத காலம். தானாகவே ஆறியது. இந்த நாட்டில் கோடையிலும் நீளக் கைச் சட்டை போடுகிறவள் நான், அந்தத் தழும்பைக் கடையில் ஒருவரும் பார்த்ததில்லை.

"இதைத் தொட்டுப் பாருங்கோ," என்றேன்.

அவர் தயங்கி, பெருவிரலால் தடவினார்.

"கரை எப்பிடி இருக்கு?"

"தடிப்பா இருக்கு. கயிறு மாதிரி."

"இப்ப இந்த உறையைப் போட்டுக்கொண்டு அதைத் தொடுங்கோ."

மெல்லிய ரப்பர் உறையை மாட்டிவிட்டேன். அவர் விரல் புலியின் தொடையில் இருந்த வட்டத்தைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. மெதுவாக என் கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் அவர் விரலைப் பிடித்துத் தோளுக்குப் பின்னால் இருந்த தையலின் மேல் வைத்தேன். அங்கே தடிப்பு எதுவும் இல்லை. வெட்டிய கடதாசியின் ஓரம் மாதிரி இருந்தது.

"உயிரோடை இருக்கிற உடம்புதான் அன்ரி ஆறும். உந்தத் தோள் காயம் ஆற அதுக்கு நேரம் கிடைக்கேல்லை. அண்டைக்குப் பட்டது இது ஒண்டுதான். உங்கட அப்பான்ர கை ஆடேல்லை."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் தூக்கி வைத்திருந்ததைக் கீழே வைக்கத் தெரியாதவர் போல, கைகள் இரண்டையும் மடியில் விரித்து வைத்திருந்தார். நான் அழுதேன், சொல்ல வெட்கம் இல்லை. முதலாளி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை, நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

கிழவர் சும்மா பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டார். அவருடைய ஊர் மலையில் சிறு வயதில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர். "நெஞ்சில் சரியாகப் பட்டாலும் பெரிய மிருகம் உடனே விழாது. மறைவுக்குள் ஓடிப் படுத்துக்கொள்ளும். கடைசி மூச்சு வரைக்கும் கிட்டப் போகக்கூடாது. இரண்டு சிகரெட் பிடித்து முடிக்கிற வரைக்கும் இரு என்று என் அப்பா சொல்லுவார். உங்கள் அப்பா எவ்வளவு நேரம் காத்திருந்தார்?"

அன்ரி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்திருக்கலை," என்றார் ஆங்கிலத்தில். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "சாயங்காலம் ஆயிடுச்சு. துரைக்கு அன்னைக்கே ரயில். வெளிச்சம் போறதுக்குள்ள படம் எடுக்கணும்னு சொல்லிட்டு, அப்பாதான் உடனே ஆளை உள்ள இறக்கினார். பரண் மேல இருந்து கையைக் காட்டினார். நான் பார்த்தேன். காதைப் பொத்தறதுக்கு முன்னாடி."

கைப்பையைத் திறந்து புகைப்படத்தை எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ராஜாவின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. வெளிச்சம் இருந்திருக்கிறது. காத்திருக்கவும் போதுமான வெளிச்சம். தலைப்பாகை கட்டியவர்கள் எல்லோரும் இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவனை அங்கதான் போட்டிருந்தாங்க," என்றார் அவர். "பழி என் மேல இருந்த வரைக்கும் எப்படியோ தாங்கிட்டேம்மா. சின்னப் பொண்ணு, தெரியாம வாயைத் திறந்துட்டேன்னு. இப்ப அது அப்பா மேல போயிடுச்சு. அவர் தெரிஞ்சுதானே கையைக் காட்டினார்."

ராஜாக்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி தான் என்ன தவறு செய்தேன் என்று தெரியாமல் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

ஆறு வாரம் எடுத்து அந்தத் தோலைச் செய்து முடித்தேன். பூச்சி அரித்த காதுக்கு ஒட்டுப் போட்டேன். உடைந்த நாக்கை முதலாளி சாந்து வைத்துப் பூசி நிறம் தீட்டினார். மீசை முடிகள் புலியினுடையவையே இல்லை என்று காட்டினார், பன்றி மயிர். புலி விழுந்ததும் மீசையைப் பிடுங்கித் தாயத்துக்குள் வைப்பதற்கு ஆட்கள் அடிபடுவார்கள், அதற்கே காவல் போடுவார்கள் என்று அன்ரி சொல்லியிருந்தார். அன்றைக்குக் காவல் போட ஒருவருக்கும் நேரம் இருந்திருக்காது. புதுப் பச்சைத் துணி வைத்து ஓரத்தைப் பல்லு வெட்டித் தைத்தேன். தைக்கும்போது ஒவ்வொரு நாளும், அது உயிரோடு வந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை நினைத்தேன். முதல் குண்டுக்குத் தப்பி, காயத்தோடு மழையிலும் வெயிலிலும் கிடந்து ஆறி, எத்தனையோ வருடம் அந்தக் காட்டை ஆண்ட ஒன்று. ராஜா என்றால் அதுதான் ராஜா.

ஜூலையில் குடிபுகும் விருந்துக்கு எங்களையும் அழைத்தார்கள். விட்பி அப்போது மண் மேடும் குச்சி மாதிரி மரக் கன்றுகளுமாக இருந்தது. எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்ததால் என் கணவர் இரண்டு வீட்டின் மணியை அடித்துவிட்டுத்தான் சரியான வாசலுக்கு வந்தார். உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். தோல் வரவேற்பறையின் நடுவில் விரிந்து கிடந்தது. அதற்கு மேலே சுவரில், பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, அந்தப் புகைப்படம். விருந்தாளிகள் சோபாக்களில் சுற்றி உட்கார்ந்து, கால்களைப் புலியின் முதுகில் சாவகாசமாக வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை அதன் தலையில் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டியது. நான் ஆறு வாரம் குனிந்து தைத்த முதுகு. பொறுத்துக்கொண்டேன்.

மகன் தட்டோடு நடுவில் நின்று கதையைத் தொடங்கினார். நூறு பேர், தப்பட்டை, பரண், துரை. "ஒரே குண்டு," என்று விரலைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரர்களே பிரித்துப் பார்த்து உறுதிசெய்ததாகவும் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்ரியைப் பார்த்தேன்.

அவர் மூலையில் இருந்த நாற்காலியில் இருந்து எழும்பினார்.

"ஒரே குண்டுதான். நானும் தொட்டுப் பார்த்தேன்," என்றார். "ஆனா அன்னைக்கு ஒரு மனுஷனும் செத்தான். அதை இந்த வீட்டுல யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை."

"அம்மா, இப்ப எதுக்கு," என்று மகன் மெல்லிய குரலில் தொடங்கினார். அன்ரி கையை உயர்த்தவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. பரண் மேல் தான் வாயைத் திறந்ததில் இருந்து, அப்பா கையைக் காட்டியது வரைக்கும், எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். அழகாக இருந்தது என்பதையும் சொன்னார். கடைசியில் சுவரில் இருந்த படத்தின் இடது ஓரத்தைக் காட்டினார். அந்த ஓரத்துக்கு அப்பால் வெறும் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. ஆனாலும் அறையில் இருந்த அத்தனை பேரும், தலைப்பாகைக்காரர்களைப் போலவே, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ஆள் பேர் என்ன, ஆன்ட்டி?" என்று ஒரு இளம் பெண் கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றார். "நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமா என்னோட தப்பா, என்னோட தப்பான்னு மட்டும்தான் கேட்டுட்டு இருந்திருக்கேன்."

முதலில் என் கணவர் தன் காலைப் புலியின் முதுகில் இருந்து எடுத்து சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவர் எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மகன் குனிந்து, தலையில் இருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.